ரெண்டே ராத்திரி!

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சாயங்காலம் போய் ஒரு நீள பெஞ்சில் உட்கார வேண்டும். பக்கத்தில் உங்களை மாதிரியே ஏழு பேர். அரட்டை அடிக்கலாம். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பலாம். கொட்டாவி விடலாம், மேனேஜர் ஒன்றும் சொல்ல மாட்டார். சுவரில் ஒரு டெலிபோன் இருக்கும். அது அடிக்கவில்லை என்றால், ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அடித்தால் எழுந்து போய் ஒரு கால் மணி நேரம் வேலை. குறைந்தபட்சச் சம்பளமே வருஷத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல்!

'எங்கே சார் அப்ளை பண்ணணும்?' என்று எழுந்துவிட்டீர்கள்தானே? உட்காருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீச வேண்டும். முன்னால் ஏழெட்டுப் பேர் மூன்று மணி நேரம் உழைத்துச் சேர்த்துவைத்த வெற்றி உங்கள் கையில் இருக்கும். ஒரே ஒரு பந்து நட்டநடுவில் போனால் போதும், முப்பது நாற்பதாயிரம் பேர் உங்கள் குடும்பத்தையே விசாரிப்பார்கள்.

அமெரிக்க பேஸ்பாலில் இந்த வேலைக்குப் பெயர் ரிலீஃப் பிட்சர். இவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு 'புல்பென்' என்று பெயர். அதாவது, காளைகளை அடைத்துவைக்கும் பட்டி. பெயர் வைத்தவன் விவரமானவன்.

(நானும் ஒரு வகையில் பட்டிக்காரன்தான். வழக்கமாக எழுதுகிறவர் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டால்தான் எனக்குப் பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் வரும். 'சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பக்கம் வேணும்!' சம்பளம் மட்டும் அந்த அளவுக்கு இல்லை.)

சென்னையில் பி.காம். படித்தவனுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எழுத்துக்கு வருவதற்கு முன்னால் சில வருஷங்கள் நான் ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்தேன். ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு வரும் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்றரைக்கு எழுந்திருக்கலாம். அந்தப் பக்கம் தினமும் என்னோடு போனில் பேசியவர் பாஸ்டனைச் சேர்ந்த ஒரு பெரியவர். அறுபதை நெருங்கும் அக்கவுண்ட்ஸ் மனுஷன். முந்தைய நாள் மேட்ச்சைப் பற்றி ஐந்து நிமிஷம் புலம்பாமல் பில்லுக்குள் நுழைய மாட்டார்.

2016 மார்ச்சில் ஒரு நாள் சொன்னார். அவர் ஆபீஸில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்து விளையாடுகிறார்கள். நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்களை ஏலம் எடுப்பது மாதிரி முறைவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். சீசன் முழுக்க அவர்கள் நிஜத்தில் என்ன கிழிக்கிறார்களோ, அது நம் டீம் கணக்கில் ஏறும். ஒருத்தர் விலகிவிட்டார், இடம் காலி, நீ வருகிறாயா?

அங்கேயும் ரிலீஃப்தான்! சரி என்றேன்.

மற்ற இடங்களை ஓரளவு அவரே நிரப்பிக் கொடுத்துவிட்டார். ரிலீவர்களை மட்டும் 'நீயே எடு, அதில் எனக்கே தலை சுற்றும்' என்று விட்டுவிட்டார். மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, நம்ம காமர்ஸ் மூளைக்கு இதைவிட ருசியான தீனி கிடையாது என்று தெரிந்தது.

ஒரு மேட்ச்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் களைத்துப் போனால் அடுத்தவர் வருவார். நம்ம கிரிக்கெட் மாதிரி முதலில் ஐந்து ஓவர் போட்டுவிட்டு, பவுண்டரியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து போடும் கதையெல்லாம் இல்லை. வெளியே போனால் போனதுதான். இப்போதெல்லாம் தொடக்கக்காரர்கள் சராசரியாக ஐந்து இன்னிங்ஸைக் கொஞ்சம் தாண்டுவதே பெரிய விஷயம். மிச்சம் பட்டிக்காரர்கள் தலையில். இன்றைய விதிப்படி டீமில் 26 பேர். அதில் பிட்சர்கள் 13க்கு மேல் கூடாது. தொடக்கக்காரர்கள் ஐந்து பேரைக் கழித்தால் புல்பென்னுக்கு எட்டு. ஆறு மாசத்தில் 162 மேட்ச்.

அந்த எட்டுப் பேரை எப்படி எடுப்பது? பிப்ரவரி பிறந்ததும் பதினைந்து டீம் ஃப்ளோரிடாவுக்கும் பதினைந்து டீம் அரிசோனாவுக்கும் பயிற்சிக்குப் போகும். அங்கே நடக்கும் ஆட்டங்களில் நன்றாகப் போடுகிறவனை எடுப்பார்கள் என்று நினைத்தீர்களானால், நீங்கள் என்னை மாதிரி அப்பாவி. மார்ச் கடைசியில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, 'இவனிடம் ஆப்ஷன் மிச்சம் இருக்கிறதா?' என்பதுதான். பொதுவாக ஒரு ஆட்டக்காரரை மூன்று சீசன்கள் வரை கீழ்மட்ட டீமுக்கு அனுப்பலாம், கூப்பிடலாம். அந்த மூன்றும் தீர்ந்தவனைக் கீழே அனுப்ப வேண்டுமானால், மற்ற டீம்கள் எல்லாம் 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொன்ன பிறகே முடியும். யாராவது கையைத் தூக்கினால் ஆள் போச்சு. ஆகவே நன்றாகப் போடும் பையன் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவான். சுமாராகப் போடும் ஆப்ஷன் தீர்ந்த ஆசாமி உள்ளே இருப்பான். இது விளையாட்டு இல்லை சார், ஸ்டாக் மெயின்டெனன்ஸ்!

இன்னொன்று. இவர்களில் பெரும்பாலானவர்கள் வேறு ஏதோ ஆகப் போய், ஆக முடியாமல், இங்கே வந்து சேர்ந்தவர்கள். பனாமாக்காரர் மரியானோ ரிவேரா 1995-ல் நியூயார்க் யாங்கீஸ் டீமில் தொடக்கக்காரராக முயன்று சரிப்படாமல் பட்டிக்கு அனுப்பப்பட்டவர். பிற்பாடு 652 மேட்ச்களைக் காப்பாற்றிச் சாதனை படைத்தார். 2019-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுகூடக் குறையாமல் தேர்வான முதல் மனிதர் அவர்தான். 601 மேட்ச்களைக் காப்பாற்றிய டிரெவர் ஹாஃப்மன் ஆரம்பத்தில் பந்து வீசுகிறவரே இல்லை; ஃபீல்டர். கென்லி ஜான்சன் விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் உட்கார்ந்து பந்து பிடித்துக்கொண்டிருந்தவர். இன்ஜினீயரிங் கிடைக்காமல் பி.காம். சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் விம்மும்.

மேட்ச்சைக் காப்பாற்றியதற்குக் கொடுக்கும் கணக்குக்கு 'சேவ்' என்று பெயர். அதை உருவாக்கியவர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகைக்காரர். 1969-ல் அது அதிகாரபூர்வக் கணக்காயிற்று. மூன்று ரன்னோ அதற்குக் குறைவோ முன்னிலையில் இருக்கும்போது வந்து, கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தால் ஒரு சேவ். இந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் அப்புறம் கோடிக்கணக்கில் சம்பளம் பேசினார்கள். பத்திரிகைக்காரன் எழுதி இன்னொருத்தனுக்குச் சம்பளம் ஏறியது சரித்திரத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

நானும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டேன். செயின்ட் லூயிஸ் டீமின் டிரெவர் ரோசென்தால், 2015-ல் 48 சேவ். எடு! மின்னசோட்டாவின் க்ளென் பெர்கின்ஸ், 32 சேவ். எடு! பாஸ்டன் பெரியவர், 'போன வருஷ சேவுக்கு இந்த வருஷம் விலை கொடுக்காதே' என்று முனகினார். நான் காதில் வாங்கவில்லை. பட்டியலை எக்ஸெலில் வண்ணம் அடித்துச் சேமித்து வைத்தேன்.

அதே வாரம், அதே கம்ப்யூட்டரில் இன்னொரு பட்டியலும் போட வேண்டியிருந்தது. ஆபீஸ் பட்டியல்.

என் டீமிலும் எட்டுப் பேர். ஏப்ரல் முதல் ஏழு பேர் போதும் என்று மேலிடத்து உத்தரவு. யாரைக் குறைப்பது என்று டீம் லீடராகிய நான் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மாசத் தவறுக் கணக்கு ஷீட்டில் தயாராக இருந்தது. ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழாக அடுக்கினால் யார் கடைசி என்று அதுவே சொல்லிவிடும். சொன்னது.

அவரை நாங்கள் எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது தாண்டியவர். என்னைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவர். என்னை 'தம்பி' என்பார். நான்கு வருஷம் ஒரு புகார் கிடையாது. அந்த பிப்ரவரியில் மட்டும், அடுத்தடுத்த இரண்டு ராத்திரி, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. இரண்டும் பெரிய தொகை. ஷீட் தொகையைத்தான் பார்க்கும். மற்றவர்கள் வாராவாரம் சில்லறைத் தப்பு பண்ணியவர்கள். அவர்களெல்லாம் மேலே, அண்ணன் கீழே. அந்த வாரம் அவர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார் என்பதும், பகலெல்லாம் அங்கே உட்கார்ந்துவிட்டு ராத்திரி இங்கே வந்தார் என்பதும் ஷீட்டில் இல்லை. எனக்குத் தெரியும். அதை எழுத ஷீட்டில் கட்டம் இல்லையே என்று சொல்லிக்கொண்டேன்.

கற்பனை டீமுக்கு மூன்று ராத்திரி செலவழித்தவன், நிஜ டீமுக்குச் செலவழித்தது நாற்பது நிமிஷம்.

விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஐடி கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சரிங்க சார்" என்றார். தம்பி, சார் ஆகிவிட்டேன்.

இனி என் மகத்தான புல்பென்னின் கதி. பெர்கின்ஸ், சீசன் தொடங்கி இரண்டு மேட்ச் ஆடியதும் தோள்பட்டை வலி என்று போனவர் அந்த வருஷம் திரும்பவே இல்லை. ரோசென்தால் தடுமாறித் தடுமாறி, ஜூனில் கடைசி இன்னிங்ஸ் பதவியைப் பறிகொடுத்தார். அந்த இடத்துக்கு வந்தவர் கொரியாவிலும் ஜப்பானிலும் ஆடிவிட்டு அந்த ஜனவரியில்தான் அமெரிக்காவில் ஒப்பந்தமான ஓ சுங்-ஹ்வான் என்பவர். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூட மார்ச்சில் அவரைச் சீண்டவில்லை!

நான் பெரியவரிடம் பொருமித் தீர்த்தேன். "ரோசென்தாலைத் தூக்கிவிட்டேன். இனிமேல் அந்த ஆள் முகத்திலேயே முழிக்க மாட்டேன்."

மனுஷன் சிரித்தார். "ஒரு கணக்குப் போடு. நீ காமர்ஸ்தானே?" என்றார். ரிலீவர் வருஷத்துக்குப் போடுவது 60 இன்னிங்ஸ் வாக்கில். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தான் என்பதுதான் அவன் மார்க். 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தால் 3.00. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டுவார்கள். அதே ஆளுக்கு இரண்டு ராத்திரி மட்டும் சரியில்லாமல், ராத்திரிக்கு ஐந்து ரன் கூடுதலாகப் போனது என்று வை. 30 ரன். மார்க் 4.50. பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். "வித்தியாசம் எவ்வளவு? ரெண்டே ராத்திரி!"

எனக்குப் பேச்சு வரவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் ஹலோ ஹலோ என்றார்.

அப்புறம் அவர் ஊர்க் கதையைச் சொன்னார். 1918-க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2002 கடைசியில் தியோ எப்ஸ்டீன் என்ற 28 வயசுப் பையனை ஜெனரல் மேனேஜர் ஆக்கியது. கூடவே ஆலோசகராக பில் ஜேம்ஸ். இந்த ஜேம்ஸ், கான்சாஸில் ஒரு பீன்ஸ் டப்பாத் தொழிற்சாலையில் ராத்திரிக் காவல்காரராக இருந்துகொண்டே பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் பிரித்து மேய்ந்து எழுத ஆரம்பித்தவர். நைட் ஷிஃப்ட் இனம்! அவர் சொன்னது ரொம்ப சாதாரண விஷயம். இருக்கிறதிலேயே நல்ல ரிலீவரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பொத்திப் பொத்தி வைக்காதே. வீடு ஏழாவது இன்னிங்ஸில் பற்றிக்கொண்டால் ஏழாவதிலேயே தண்ணீர் ஊற்று.

இதன்படி, முந்தைய வருஷம் 40 சேவ் எடுத்த யுகேத் உர்பினாவைப் போகவிட்டார்கள். அவர் சம்பளத்தை ஒருத்தருக்கே கொடுப்பதற்குப் பதிலாக மைக் டிம்லின், சாட் ஃபாக்ஸ், ரமிரோ மெண்டோசா என்று சில்லறையாகச் சேர்த்தார்கள். ஏற்கெனவே இருந்த ஆலன் எம்ப்ரியும் உண்டு. கடைசி இன்னிங்ஸுக்கென்று தனி ஆள் கிடையாது. பத்திரிகைகள் 'கமிட்டி' என்று கேலி பேசின. நம் ஊரில் ஒரு வேலை நடக்கக்கூடாது என்றால் கமிட்டி போடுவார்களே, அந்த மாதிரி.

2003 மார்ச் 31. சீசனின் முதல் மேட்ச். எதிரே முந்தைய வருஷம் கடைசி இடத்தில் கிடந்த டாம்பா பே. பெட்ரோ மார்ட்டினெஸ் அழகாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போக, ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆரம்பத்தில் பாஸ்டன் 4-1 முன்னிலை. எம்ப்ரி இரண்டு ரன் ஹோம் ரன் ஒன்று கொடுத்தார். ஃபாக்ஸ் வந்தார். கார்ல் கிராஃபோர்ட் ஒரே அடியில் மூன்று ரன்களை வேலிக்கு வெளியே அனுப்பினார். 6-4. முடிந்தது.

"அன்றைக்கு ராத்திரி பாஸ்டனில் எல்லாரும் தியோவைவிடப் பெரிய மேனேஜர்கள். நானும்தான். 'இந்த ஃபாக்ஸை வீட்டுக்கு அனுப்பு' என்று கத்தினேன்" என்றார் பெரியவர்.

அனுப்பினார்கள். சீசன் நடுவிலேயே ஃபாக்ஸ் வெளியே. கமிட்டியும் கலைந்தது. ஆனால் அக்டோபருக்குள் மிச்சமிருந்த டிம்லின், எம்ப்ரி, நடுவில் வந்து சேர்ந்த ஸ்காட் வில்லியம்சன் மூவரும் கூர்தீட்டிய கத்தியாகிவிட்டார்கள். அதை யாரும் நம்பவில்லை. யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது மேட்ச், எட்டாவது இன்னிங்ஸ், 5-2 முன்னிலை. பெட்ரோ களைத்துப் போயிருந்தார். பட்டியில் எம்ப்ரி கை சூடுபண்ணித் தயார். மேனேஜர் கிராடி லிட்டில் மைதானத்துக்குள் நடந்து போய்ப் பெட்ரோவிடம் ஏதோ கேட்டார். அவரையே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அடுத்த இரண்டு அடியில் 5-5. பதினோராவது இன்னிங்ஸில் தோல்வி. லிட்டிலுக்கும் வேலை போயிற்று.

முதல் நாள் ராத்திரி ஒட்டிய கறை அக்டோபர் வரை போகவில்லை என்பேன் நான். பெரியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பெட்ரோ மாதிரி ஒரு மகாராஜாவை எழுந்திரு என்று சொல்ல லிட்டிலுக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்பார். அவர் அங்கே இருந்து பார்த்தவர். இருந்தாலும் நான் என் கட்சியில்தான் இருக்கிறேன்.

அந்த யாங்கீஸைக் கடைசியில் வீழ்த்தி 2003 கோப்பையைத் தூக்கிப் போனது யார் தெரியுமா? ஃப்ளோரிடா மார்லின்ஸ். அவர்கள் புல்பென்னில் அப்போது இருந்தவர்களில் இரண்டு பேர்: விலை ஜாஸ்தி என்று பாஸ்டன் விட்ட உர்பினா, முதல் நாளே தோற்றான் என்று பாஸ்டன் விரட்டிய சாட் ஃபாக்ஸ்!

அடுத்த வருஷம் பாஸ்டன் கீத் ஃபோல்க் என்று கடைசி இன்னிங்ஸுக்கே ஒரு ஆளைப் பிடித்துப் போட்டது. 2004-ல் 86 வருஷப் பஞ்சம் தீர்ந்தது. அதற்கு முன்னால் யாங்கீஸை அவர்கள் மண்ணிலேயே கவிழ்த்தார்களே, அந்த மேட்ச்சின் கடைசி அவுட்டை எடுத்தவர் ஆலன் எம்ப்ரி. முதல் நாள் அடிவாங்கிய அதே எம்ப்ரி. அவரை மட்டும் ஏனோ விரட்டாமல் வைத்திருந்தார்கள்.

நான் அந்த ஆபீஸை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெரியவர் ரிடையர் ஆகிவிட்டார். கற்பனை டீம் மட்டும் நடக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் ரிலீவர் பட்டியல் போட உட்காரும்போது, ஷீட்டைத் திறந்ததும் அண்ணன் வந்து நிற்பார். போன மாசம் பட்டியலை அப்படியே வைத்துவிட்டு அவர் நம்பரைத் தேடிப் போட்டேன். பழைய நம்பரேதான்.

நன்றாக இருக்கிறாராம். நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறாராம். அம்மா அந்த வருஷமே தவறிவிட்டார்களாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சாட் ஃபாக்ஸ் கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு கிரிக்கெட்டே தெரியாது சார்" என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பின்னால் யாரோ பில்புக் கேட்கும் சத்தம் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டு டபுள் பேமெண்ட் போச்சே... அந்தப் பணம் திரும்பி வந்துச்சா?"

"வந்துருச்சு அண்ணே. அடுத்த மாசமே வந்துருச்சு."

"அப்படியா" என்றார். "எனக்கு யாரும் சொல்லலை."